துணி எடுக்கப் போகும்போது என்ன உடுத்திப் போகிறோம்?

அரிசி, பருப்பு விற்கிறவர்களுக்குத் துணிக்கடைப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வாங்குகிறவராகப் போய் நிற்கிற கடைகளில் அதுவும் ஒன்று. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாத சில விஷயங்கள் அங்கே போய் நின்றால் தெரியும். ஆகவே இந்த முறை பாடம் அதைப் பற்றி.

புதுச்சேரியில் துணி எடுக்க இரண்டு விதமான இடங்கள் உண்டு. நேரு வீதியின் பெரிய ஜவுளிக் கடைகள் ஒன்று. ஞாயிறுதோறும் காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட் மற்றொன்று. மூலக்குளத்தில் பஸ் ஏறுகிற ஒரே குடும்பம் இந்த இரண்டுக்கும் இரண்டு விதமாக உடுத்திக்கொண்டு போகும். நேரு வீதிக்கு என்றால் பீரோவில் மடித்து வைத்த புடவை வெளியே வரும், பிள்ளைகளுக்குப் பவுடர் பூசப்படும், வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டுவார். சண்டே மார்க்கெட்டுக்கு அப்படி இல்லை. போட்டிருக்கிற சட்டையோடு கிளம்பி விடுவார்கள். கையில் நல்ல கடிகாரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டு.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய கடையில் விலை சீட்டில் இருக்கிறது, பேரம் கிடையாது. அங்கே வேண்டியது மரியாதை. நல்லபடி உடுத்திப் போனால்தான் விற்பனையாள் மேல் தட்டில் இருக்கும் சரக்கை இறக்கிப் போடுவார் என்ற எண்ணம். தெருக்கடையிலோ விலையை ஆளைப் பார்த்துச் சொல்வார்கள் என்ற பயம்.

ஆனால் இந்த உடுப்பு கடைக்காரர் கண்ணை மட்டும் தொடுவதில்லை. உடுத்தியவர் மனதையும் தொடுகிறது. பட்டுப் புடவையில் வந்தவரிடம், "எந்த ரேட்டில் காட்டட்டும்மா?" என்று கேட்டால், வீட்டில் போட்டு வந்த கணக்கு வாயில் வருவதில்லை. ஐந்நூறு என்று நினைத்து வந்தவர், "கொஞ்சம் நல்லதாவே காட்டுங்க" என்கிறார். உடுத்தியிருக்கிற புடவைக்குக் குறைவாகக் கேட்க நா எழவில்லை. நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு ஒன்றும் எடுக்காமல் எழுந்திருக்கவும் கூச்சம். அதே அம்மாள் சண்டே மார்க்கெட்டில் சாதாரணப் புடவையில் நிற்கும்போது பாதி விலைக்குக் கேட்பார், கிடைக்காவிட்டால் நாலு எட்டு நடப்பார், கூப்பிட்டால் திரும்புவார். கூச்சம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாராளத்தில் இரண்டு சட்டை தேவைப்பட்டவர் ஆறு சட்டை வாங்கி வருவதும் நடக்கிறது. அளவு பார்க்கச் சட்டை மேலேயே சட்டை போட்டுப் பார்ப்பதால் வீட்டுக்கு வந்து தோள் தொளதொளப்பதும் உண்டு.

வெளிநாட்டில் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வெள்ளைக் கோட்டை டாக்டர் கோட்டு என்று சொல்லி அணிவித்தபோது கவனம் கூடியது, ஓவியர் கோட்டு என்று சொன்னபோது கூடவில்லை என்று கண்டார்கள். அந்த ஆய்வின் சோதனைகளில் ஒன்றை 2019-இல் வேறொரு குழு திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எனவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குப் பொருந்துவது 2014-இல் மைக்கேல் க்ராஸ், வெண்டி மென்டிஸ் வெளியிட்டது. சில ஆண்களுக்குக் கோட்டு சூட்டு, சிலருக்கு வீட்டில் போடுகிற தொளதொள கால்சட்டை கொடுத்து, ஒரு தொழிற்சாலையை விற்பது போலப் பேரம் பேச வைத்தார்கள். கோட்டு போட்டவர்கள் அதிக லாபம் பெற்றார்கள், குறைவாகவே விட்டுக்கொடுத்தார்கள். பேரம் பேசிப் பிழைக்கிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

மண்டிக்குக் கொள்முதலுக்குப் போகிற நமது அன்பர்கள் சலவை வேட்டி சட்டையில் போவது இதனால்தான். பேச்சுக்கு அது பலம். சரக்குப் பார்க்க அது பலவீனம். வெள்ளை வேட்டிக்காரர் மூட்டையிலிருந்து தள்ளி நின்று, தட்டில் வைத்த மாதிரியைப் பார்த்தே தலையாட்டி விடுவார். அழுக்குச் சட்டைக்காரர் அடி மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்து, துவரம்பருப்பைக் கடித்துப் பார்ப்பார். இரண்டு பேர் போவதாக இருந்தால் இரண்டு விதமாக உடுத்திப் போவது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

உடையைப் பார்த்து ஆளை நிறுத்தி வைப்பது நம் ஊரில் நீதிமன்றம் வரை போன விஷயம். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலுறையும் சப்பாத்தும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வந்தார். பிரெஞ்சு நீதிபதி அவரைத் தடுத்தார். அவர் விடவில்லை. பாரீஸ் உயர் மன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பின்னர் 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி லபோர்த் என்று குடும்பப் பெயர் ஏற்றவர் இவரே.

இன்னொன்று மதுரையில் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேல்சட்டையையும் குல்லாயையும் நீள வேட்டியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். வரும் வழியில் ரயிலில், கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைப் பயணிகள் சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். வியாபாரக் கண்ணால் பார்த்தால், கதர் வாங்கச் சொல்கிறவரின் உடுப்பே கேட்கிறவரைத் தள்ளி நிறுத்தக்கூடும் என்பதை அவர் புரிந்துகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி நமது கடைக்கு வருவோம். "ஆள் பாதி ஆடை பாதி" என்பார்கள். கல்லாவில் இருப்பவருக்கு அது ஆபத்தான பழமொழி. ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்டது. அது ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்து நின்றவர்களுக்குப் பற்று எழுதிய மளிகைக் கடைகள் பல. சம்பள நாளில் பாக்கி வந்துவிடும். மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நீளச் சிட்டை கொடுத்து வாங்கிப் போன சிலர் கணக்கு பழைய நோட்டில் இன்னும் நிற்கிறது.

இன்று நமது வாடிக்கையாளரைக் குளிர்சாதன சூப்பர் மார்க்கெட்டுகள் இழுக்கின்றன. அங்கே கைலி கட்டியவர் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிறார். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கால் கிலோ உளுந்துக்கு ஓடி வருகிற அம்மாள் அங்கே போவதானால் புடவை மாற்ற வேண்டும். இருக்கிறபடி வந்து நிற்கலாம் என்ற இந்த நிம்மதி நம்மிடம்தான் கிடைக்கிறது. இதற்கு நாம் ஒரு பைசா செலவு செய்யவில்லை. ஆனால் பேன்ட் சட்டைக்காரர் வந்ததும் கைலிக்காரர் சிட்டையை ஓரம் தள்ளினால் அது அன்றே போய்விடும். பையன்களிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் கட்டு.

பையன்கள் என்றதும் தீபாவளித் துணி நினைவுக்கு வருகிறது. நம்மில் பலர் கடைப் பையன்களை ஜவுளிக் கடைக்கு அழைத்துப் போவது இரவு கடை கட்டுகிற நேரத்தில். எண்ணெய்க் கறையும் மாவும் படிந்த சட்டையோடு அந்த வெளிச்சத்தில், ஆள் உயரக் கண்ணாடி முன் அந்தப் பிள்ளைகள் நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். மடித்து வைத்த சட்டையைத் தொடுவதற்கே கையைக் கைலியில் துடைக்கிறார்கள். விற்பனையாள் முதலில் போட்டதையே, "இது போதும் அண்ணாச்சி" என்கிறார்கள். முதலாளி பக்கத்தில் இருக்கிறார் என்பது பாதி, உடம்பில் இருக்கிற சட்டை பாதி. அளவும் சரியாக இருப்பதில்லை, நிறமும் பிடிப்பதில்லை. பொங்கலுக்குள் அந்தச் சட்டை அவன் தம்பிக்குப் போய்விடுகிறது. நாம் கொடுத்த பணம் கொடுத்ததுதான், கொடுத்த சந்தோஷம் போய்ச் சேரவில்லை.

இதற்கு அதிகச் செலவில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே, கூட்டமில்லாத ஒரு காலை வேளையில், குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவர்களே போய் வரட்டும். கடை காலியாகாமல் இரண்டிரண்டு பேராக அனுப்பலாம். எவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்பதை முன்பே சொல்லி, பணத்தைக் கையில் கொடுத்து விடுங்கள். பேன்ட் எடுக்கிறவன் பண்டிகைக்குப் போடப்போகிற செருப்பையே போட்டுக்கொண்டு போகட்டும், நீளம் சரியாகத் தெரியும். துணியாக எடுத்தால் தையற்கூலியும் அந்தப் பணத்தில் சேர்ந்ததா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.