காந்திநகரா, சென்னையா, திருவனந்தபுரமா?

2020-ல் நாகர்கோவில் இளைஞர் ஒருவர் மீது பெண்கள் அடுத்தடுத்துப் புகார் கொடுத்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்த வழக்கு. மடிக்கணினியில் அழிக்கப்பட்டிருந்த படங்களும் வீடியோக்களும் மீட்கப்பட்டன. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அழித்ததை மீட்பது, மீட்டதை நீதிமன்றம் ஏற்கும்படி கொண்டுவந்து சேர்ப்பது: டிஜிட்டல் தடயவியல் என்கிற படிப்பு இந்த இரண்டு வேலைகளைத்தான் கற்றுத்தருகிறது. இதில் இரண்டாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

கைப்பற்றிய வட்டை நேராகக் கணினியில் செருகிப் பார்க்கக் கூடாது. அதில் ஒரு எழுத்தும் பதியாதபடி தடுக்கும் 'ரைட் பிளாக்கர்' வழியாக இணைத்து, முழு நகல் எடுத்து, அந்த நகலைத்தான் ஆராய வேண்டும். அசலுக்கும் நகலுக்கும் 'ஹாஷ்' கணக்கிடுவார்கள். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்து கொண்ட ஒரு சரம். உள்ளே ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுக்குப் பதிலாக 63-ஆம் பிரிவை வைத்திருக்கிறது. அதன்படி மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழுக்கு இரண்டு பாகம். இரண்டாவது பாகத்தில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் இருக்க வேண்டியதும் அந்தக் கையெழுத்துதான்.

பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு முதல் தெரிவு சென்னைப் பல்கலைக்கழகத்தின் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு எம்.எஸ்சி. இரண்டு வருடம். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது, விடுதிச் செலவுதான் கடிக்கும். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் அதே ஊரில் இருப்பது கூடுதல் வசதி.

காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் வேறு ரகம். குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தது, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய நிறுவனமானது. தடயவியலை மையமாகக் கொண்ட இடம் என்பதால் ரத்தம், தோட்டா, கையெழுத்து ஆராய்பவர்களோடு ஒரே வளாகத்தில் படிக்கலாம். அதன் டிஜிட்டல் தடயவியல் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு உண்டு. மத்திய அரசு ஆய்வகங்களைக் குறி வைப்பவர்கள் அங்கே போகட்டும். தூரமும் செலவும் அதிகம், சாப்பாடும் வேறு.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் அங்கே ஓடுகிறோம், படிப்பு என்றால் மட்டும் சென்னை ரயிலைத் தேடுகிறோம். அங்கே உள்ள சி-டாக் நிறுவனம் 'சைபர்செக்', 'ட்ரூபேக்' போன்ற தடயவியல் மென்பொருள்களைத் தானே உருவாக்கியது. அதாவது, கருவியைச் செய்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கருவியைப் பழகலாம். சைபர் பாதுகாப்பு, தடயவியல் முதுகலை டிப்ளமோ சுமார் ஆறு மாதம். சி-கேட் தேர்வு எழுத வேண்டும். ஆனால் இது பி.இ., எம்.சி.ஏ. போன்றவை முடித்தவர்களுக்கானது, வெறும் பி.சி.ஏ.வோடு போனால் திரும்ப வேண்டியதுதான். டிப்ளமோ பட்டம் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கணினி பிடிக்காது, குற்றமும் பாதிக்கப்பட்டவரும்தான் பிடிக்கும் என்பவர்களுக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இருக்கிறது. 'சைபர் குற்றவியல்' என்ற துறைப் பெயரை 2007-ல் முன்வைத்த கே. ஜெய்சங்கர் அங்கே ஆசிரியராக இருந்தவர். ஆனால் எம்.ஏ. குற்றவியல் படித்துவிட்டு வட்டு ஆராயும் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்காதீர்கள். வக்கீல்களுக்கு முழுநேரப் படிப்பே வேண்டாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் சைபர் சட்டம், சைபர் தடயவியல் டிப்ளமோவைத் தொலைநிலையில் முடித்தால் குறுக்கு விசாரணைக்குப் போதும்.

அரசு வேலைதான் லட்சியம் என்றால் சேர்வதற்கு முன்பே தேர்வாணையத்தின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, எந்தப் பாடப் பெயர்களை ஏற்கிறார்கள் என்று பாருங்கள். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் மாறியதால் விண்ணப்பம் தள்ளப்படுவது நம் ஊரில் புதிதல்ல.

'சைபர்' என்று பெயர்ப்பலகை மாட்டிய தனியார் கல்லூரிகள் பக்கத்திலேயே நிறைய முளைக்கின்றன. அங்கே பணம் கட்டுவதற்கு முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரைட் பிளாக்கர் எத்தனை இருக்கிறது, மாதிரி நீதிமன்றம் நடத்துகிறார்களா என்று கேளுங்கள். பதிலுக்குக் கட்டடத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.