கோலா உருண்டை: எண்ணிப் போடுவோம், எல்லாரும் சாப்பிடுவோம்



இந்த மாதப் பாடம் சமையல் பற்றியது. "இருபது வருஷமா அடுப்படியில நிக்கிறோம், எங்களுக்கே சமையல் பாடமா?" என்று கேட்பீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனா இது ருசிக்காக மட்டும் சொல்ற பாடம் இல்லை. அரைக் கிலோ கறி வாங்கினா வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் அது சமமாகப் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் பாடம்.

கறி யாருக்கு? குழம்பு மட்டும் யாருக்கு?

நம்ம காஞ்சிபுரத்தில் நெசவு வீடுகளை எடுத்துக்கொள்வோம். அவர் குழித்தறியில் உட்கார்ந்தால், தார் சுற்றுவது, பாவு வேலைக்குக் கை கொடுப்பது, கோர்வைச் சேலை என்றால் கூட உட்கார்ந்து நாடா தள்ளுவது என்று பாதி வேலை நம்ம கையில்தான். பிறகு தண்ணீர் பிடிக்கணும், சமைக்கணும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பணும்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் என்ன நடக்கிறது? முதலில் பெரியவருக்கு, அப்புறம் வீட்டுக்காரருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. கரண்டி சட்டிக்குள்ளே போகும்போது கையில் வந்த துண்டு தட்டில் விழும்.

"அத்தை, நீங்க சாப்பிடலையா?"

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேம்மா. நீ முதல்ல புள்ளைங்களுக்குப் போடு."

கடைசியில் மாமியாரும் மருமகளும் உட்காரும்போது சட்டியில் இருப்பது எலும்பும் குழம்பும்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அள்ளிப் போடுற குழம்பில் கணக்கு இருக்காது, அவ்வளவுதான்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. சத்துள்ள பண்டம் நம்ம தட்டுக்கு வராமல் போவதும் அதில் ஒன்று.

உருண்டையில் அந்தச் சிக்கல் இல்லை. பன்னிரண்டு உருண்டை, ஆறு பேர், ஆளுக்கு இரண்டு. சின்னப் பிள்ளைக்கும் எண்ணத் தெரியும். அம்மாவின் பங்கு சட்டியில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இந்த உருண்டைக்கு உறவு எங்கே?

கொத்துக்கறியில் உருண்டை பிடிக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல. 'கோஃப்தா' என்ற சொல் பாரசீக மொழியில் இடிப்பது என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. ஈரான் நாட்டின் வடமேற்கில் தப்ரீஸ் என்று ஒரு நகரம். அதுவும் நம்ம ஊர் மாதிரி தறிக்குப் பேர்போன ஊர். நாம் பட்டுச் சேலை நெய்கிறோம், அவர்கள் கம்பளம் நெய்கிறார்கள். அங்கே கறியோடு பருப்பு, அரிசி, வாசனைக் கீரைகள் சேர்த்துப் பிசைந்து, நடுவில் வேகவைத்த முட்டை, வறுத்த வெங்காயம், அக்ரூட் பருப்பு, உலர்ந்த புளிப்புப் பழம் எல்லாம் வைத்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, தக்காளி மஞ்சள் குழம்பில் வேகவைக்கிறார்கள். முதலில் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறப்போட்டுச் சாப்பிடுவார்கள். பிறகு உருண்டை.

வட இந்தியாவில் முட்டையைச் சுற்றிக் கொத்துக்கறி பூசிச் செய்வதற்கு 'நர்கிசி கோஃப்தா' என்று பெயர். நர்கிஸ் என்பது வெள்ளையும் மஞ்சளுமான ஒரு பூ. அறுத்தால் முட்டை அப்படித் தெரியும். நம்ம பக்கம் கோலா உருண்டையைப் பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிடித்து எண்ணெயில் பொரிக்கிறோம், குழம்பிலும் போடுகிறோம்.

எந்த ஊர் முறை என்றாலும் கணக்கு ஒன்றுதான். கொஞ்சம் கறி, அதோடு பருப்போ மாவோ அரிசியோ முட்டையோ சேர்த்தால் நிறைய பேர் சாப்பிடலாம். இந்தப் பாடத்தில் தப்ரீஸ்காரர்கள் மாதிரி பூரணம் வைத்து, நம்ம மசாலாவில், பொரிக்காமல் குழம்பிலேயே வேகவைக்கப் போகிறோம். எண்ணெய்ச் செலவும் மிச்சம்.

தேவையான பொருட்கள் (12 உருண்டைக்கு)

உருண்டைக்கு: கொத்துக்கறி அரைக் கிலோ, கடலைப்பருப்பு 100 கிராம், பச்சரிசி 50 கிராம், முட்டை 1, பொட்டுக்கடலை மாவு 2 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, சோம்புத் தூள் 1 தேக்கரண்டி, கொத்தமல்லி, புதினா ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள், உப்பு.

பூரணத்துக்கு: வேகவைத்த முட்டை 3 (ஒவ்வொன்றையும் நாலாக நறுக்கினால் 12 துண்டு), பெரிய வெங்காயம் 2, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, உலர்ந்த திராட்சை 24. அக்ரூட் தேடி அலைய வேண்டாம், நம்ம நிலக்கடலையே போதும்.

குழம்புக்கு: வெங்காயம் 2, தக்காளி 5, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் ஒன்றரை லிட்டர்.

செய்முறை

1. கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடிக்கவும். அரிசியைக் கொஞ்சம் குழைய வேகவைத்து வடிக்கவும். இரண்டும் நன்றாக ஆறட்டும்.

2. பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை, திராட்சை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலந்து ஆறவைக்கவும்.

3. கொத்துக்கறியைக் கழுவி, தண்ணீர் இல்லாமல் பிழியவும். உப்பைச் சேர்த்து முதலில் கறியை மட்டும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசையவும். கையில் ஒட்டுகிற பதம் வரணும்.

4. பருப்பையும் அரிசியையும் அம்மியிலோ மிக்சியிலோ தண்ணீர் விடாமல் மசித்து, மற்ற சாமான்களோடு கறியில் சேர்த்து, இன்னும் ஐந்து நிமிடம் பிசையவும். மூடி அரை மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

5. அதற்குள் குழம்பைத் தாளித்து, தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடவும். அகலமான பாத்திரம் வேண்டும். உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது.

6. கறிக் கலவையைப் பன்னிரண்டு சம பங்காக முதலிலேயே பிரித்து வைக்கவும். கையைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பங்கை உள்ளங்கையில் தட்டி, நடுவில் முட்டைத் துண்டும் கொஞ்சம் பூரணமும் வைத்து, கொழுக்கட்டை மூடுவது மாதிரி மூடி, விரிசல் இல்லாமல் உருட்டவும்.

7. கோலிக்குண்டு அளவு ஒரு சின்ன உருண்டையை முதலில் குழம்பில் போட்டுப் பார்க்கவும். உடையாமல் நின்றால் மற்றதை ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கவும். உப்பு காரமும் இந்தச் சின்ன உருண்டை வெந்ததும் பார்த்துக்கொள்ளலாம். பச்சைக் கறியை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

8. தீயைக் குறைத்து, குழம்பு மெதுவாகத் தளதளவென்று இருக்கும்படி 40 முதல் 45 நிமிடம் வேகவிடவும். கரண்டியால் கிண்டக்கூடாது. குழம்பை மொண்டு மேலே ஊற்றவும். இருபது நிமிடம் ஆனதும் ஒவ்வொன்றையும் பதமாகத் திருப்பிவிடவும்.

உருண்டை ஏன் உடைகிறது?

பருப்பிலும் கறியிலும் ஈரம் இருந்தால் உடையும். பிசைந்தது போதவில்லை என்றால் உடையும். உப்போடு பிசையும்போதுதான் கறியில் உள்ள பசைத்தன்மை வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். பூரணம் அதிகமானாலும், மூடிய இடத்தில் விரிசல் இருந்தாலும் உடையும். குழம்பு சூடு ஏறும் முன்பே போட்டால் மேல்பக்கம் இறுகாமல் கரையும். ரொம்பக் கொதித்தால் அலைமோதி உடையும். சின்ன உருண்டை உடைந்தால், இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும்.

சுத்தம் கவனம்

துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்துக்கறியில் கொத்தும்போதே அது உள்ளே கலந்துவிடும். அதனால் உருண்டையின் நடுப்பகுதி வரை வேகணும். ஒன்றை அறுத்துப் பாருங்க. நடுவில் சிவப்பு இருக்கக்கூடாது, ஆவி பறக்கணும். கறியைக் காலையில் கண்ணெதிரே கொத்தி வாங்கி உடனே சமைக்கவும். பச்சைக் கறி தொட்ட கை, கத்தி, பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொட வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

கறி இல்லாத வீட்டுக்கு

சைவ வீடுகளும், புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகளும் உண்டு. கறிக்குப் பதில் வாழைப்பூவை ஆய்ந்து வேகவைத்துப் பிழிந்து, ஊறிய கடலைப்பருப்போடு கெட்டியாக அரைத்துச் செய்யலாம். பூரணத்தில் முட்டைக்குப் பதில் நிலக்கடலையைக் கூட்டலாம். ஆவியில் வேகவைத்த பிறகு குழம்பில் போட்டால் உடையாது. கறி விலை கட்டாத மாதத்தில் பாதி கறி, பாதி ஊறவைத்துப் பிழிந்து அரைத்த மீல்மேக்கர் போடலாம்.

ஒரு விஷயம். கறியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சேருவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ஆனா இரத்தசோகை உணவால் மட்டும் தீர்ந்துவிடும் என்று இருந்துவிடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்து, கொடுக்கிற மாத்திரையை முழுதாகச் சாப்பிடணும்.

விற்பனைக்குச் செய்தால்

திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கடை போட நினைக்கும் குழுக்கள் முதலில் கணக்குப் போடுங்க. கறி, முட்டை, மளிகை, கேஸ், நம்ம கூலி எல்லாம் சேர்த்து 12 உருண்டைக்கு 720 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடக்கவிலை 60. எழுபதுக்கு விற்றால் 120 ரூபாய் லாபம். ஆனா இரண்டு மீந்துபோனால் வரவு 700 தான். 20 ரூபாய் நஷ்டம். அதனால் முன்கூட்டியே ஆர்டர் பிடித்து அந்த அளவுக்குச் செய்வதுதான் புத்திசாலித்தனம். கூலியைக் கணக்கில் சேர்க்க மறக்காதீங்க. நம்ம உழைப்பு இலவசம் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006இன்படி சிறிய அளவில் உணவு விற்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. போன முறை உங்க வீட்டில் கறி சமைத்தபோது உங்க தட்டில் எத்தனை துண்டு விழுந்தது?

2. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. ஒரு உருண்டையின் அடக்கவிலை எவ்வளவு?

3. உங்க குழுவில் எத்தனை பேர் இந்த வருஷம் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள்?

குழுச் சேமிப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நோட்டைப் புரட்டிக் கேட்கிறோம். குழம்புச் சட்டியிலும் அதே கணக்குத்தான். பரிமாறும்போதே உங்க இரண்டு உருண்டையையும் மாமியாரின் இரண்டு உருண்டையையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்க. முடிந்தால் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க.