கொளுத்தியவரும் புதைத்தவரும்

கேள்வி: அமெரிக்காவில் தேசியக் கொடியைக் கொளுத்தினால்கூடக் குற்றமில்லையாமே, இது என்ன நியாயம்?

பதில்: கொடி எரிவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனாலும் அது குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரி என்றே சொல்வேன்.

1984-ல் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தது. அதிபர் ரீகன் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் வந்த கிரிகரி லீ ஜான்சன், நகர மன்றத்தின் எதிரே கொடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எரித்ததும் ஒரு கருத்துதான், மனம் புண்படுகிறது என்பதற்காக அரசு அதைத் தண்டிக்க முடியாது என்று 1989-ல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பழமைவாதியான நீதிபதி ஸ்காலியாவும் அந்த ஐவரில் ஒருவர்.

என் மனதில் நிற்பவர் வேறொருவர். அன்று டல்லாஸில் எல்லாரும் கலைந்தபின், எரிந்து மிஞ்சிய துணியைச் சேகரித்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார் அங்கிருந்த ஒருவர். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பயத்தில் வரும் வணக்கத்தை இதனோடு ஒப்பிட முடியுமா?

தீர்ப்பு வந்த உடனே நாடாளுமன்றம் கொண்டுவந்த தடைச் சட்டமும் 1990-ல் செல்லாமல் போனது. 2006-ல் அரசியல் சாசனத்தையே திருத்தப் பார்த்தார்கள். செனட்டில் ஒரே ஒரு ஓட்டு குறைந்தது.