மழலையர்க்கு எழுத்தறிவித்தல்: மணலும் உப்புத்தாளும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். ஆயினும் அந்தக் கண் திறக்கும் முதல் நாள் பல குழந்தைகளுக்குக் கண்ணீர் நாளாகவே முடிந்துவிடுகிறது. பலப்பம் பிடிக்கத் தெரியாத பிஞ்சு விரல்கள், அதட்டலைக் கேட்டு நடுங்கும் சிறு நெஞ்சு, 247 எழுத்துக்கள் என்னும் மலைப்பு ஆகிய இம்மூன்றும் சேர்ந்து படிப்பையே கசப்பாக்கிவிடுகின்றன. இக்கசப்பை நீக்குவது எப்படி?

மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர், கோடை விடுமுறையில் மரக்காணம் உப்பளங்களை அடுத்த ஒரு குடியிருப்பில், மாலைதோறும் சிறுவர் சிறுமியர்க்கு எழுத்துக் கற்பித்தோம். அங்கே பெற்றோர் விடியுமுன்னரே பாத்திகளுக்குச் சென்றுவிடுவர். வெயில் ஏறுமுன் உப்பை வாரி வரப்பில் சேர்த்தாக வேண்டும். வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லாத குழந்தை முதல் வகுப்பில் பின்தங்கினால், கைகொடுத்துத் தூக்கிவிட ஆளில்லை. வாசிக்கத் தெரியாமலே மேல் வகுப்புக்குச் செல்லும் குழந்தை, ஒரு நாள் பள்ளியை வெறுத்துப் பாத்திக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே, எழுத்தை விளையாட்டாகக் கற்பிப்பது என்பது வெறும் விளையாட்டன்று. அங்கு நாங்கள் கற்பித்தவற்றையும், கற்றுக்கொண்டவற்றையும் இங்கே தருகிறோம்.

1. மணலில் எழுதுதல்

திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுதினர். தவறினால் அழித்துவிடலாம், ஏடும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். இந்த எளிய முறை கடல் கடந்து சென்ற கதையை நம்மில் பலர் அறியோம். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை ஒரு நாள் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆனால் அங்கிருந்த ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. உடனே அவர், ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி கண்டான்! பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இம்முறையை விளக்கிப் பெல் 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து புகழ்பெற்ற வரலாறு இது.

நாங்களும் தட்டுகளில் எழுதப் பழக்கினோம். ஆனால் தொடக்கத்தில் ஒரு தவறு செய்தோம். உப்புக்குப் பேர்போன ஊராயிற்றே என்று தட்டில் உப்பைப் பரப்பினோம். விரலில் சிறு வெட்டுக்காயம் இருந்த ஒரு சிறுமி எழுதத் தொடங்கியதும் வீறிட்டு அழுதாள். அவளை அழைத்துச் செல்ல வந்த தாய் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “உப்பத் தொடாத நாளே எங்களுக்குக் கெடையாது, பாப்பா. எம்புள்ளையாவது மணல்ல எழுதட்டும்” என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய கைகளின் வெடிப்புகளை அப்போதுதான் கவனித்தோம். மறுநாள் முதல், சலித்துக் கழுவி உலர்த்திய கடல் மணலையே பயன்படுத்தினோம்.

2. உப்புத்தாள் எழுத்துக்கள்

தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். குழந்தை அதன்மீது இரு விரல்களால், எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் கற்கின்றன. இது மரியா மாண்டிசோரி அம்மையார் தந்த முறை. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருந்த குழந்தைகளுக்காக அவர் தம் முதல் பள்ளியைத் திறந்தார். 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர்க் காலம் முழுவதும் நம் நாட்டிலேயே தங்கினார். வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்காகப் பிறந்த முறை உப்பளத் தாயின் பிள்ளைக்கும் பொருந்துவதில் வியப்பில்லை அன்றோ!

3. எதை முதலில் கற்பிப்பது?

‘அ’ தான் முதலெழுத்து. ஆனால் எழுதுவதற்கு அது எளிதன்று. சுழியும் வளைவும் கோடும் அதில் உள்ளன. ‘ட’வைப் பாருங்கள்: மேலிருந்து கீழாக ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதன் முனையில் மேல்நோக்கி ஒரு கோடு சேர்த்தால் ‘ப’. அதனோடு ஒரு வளைவு சேர்த்தால் ‘ம’. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’, ‘மட்டம்’ என்று வாசித்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானே வாசித்த குழந்தையின் முகமலர்ச்சியை நாங்கள் கண்டோம். அ, ஆ வரிசையை அதனுடனே பாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதன் பயன் இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பானா, டானா, இம்மன்னா’ என்று எழுத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை ‘படம்’ என்று சேர்த்து வாசிக்கத் திணறும். ஆகவே பெயருக்கு முன் ஒலியைக் கற்பியுங்கள்.

4. உயிர்மெய் விளையாட்டு

247 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை சில குறிகளின் சேர்க்கையே. உகர, ஊகார வரிசைகளை மட்டும் தனித்தனியே பழக வேண்டும். ஒரு குழந்தை ‘க’ அட்டையுடன் நடுவில் நிற்கட்டும். துணைக்கால் அட்டை பிடித்தவள் அதன் வலப்பக்கம் ஓடி வந்து நின்றால் ‘கா’. ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் வந்தால் ‘கெ’. இருவரும் இருபுறமும் நின்றால் ‘கொ’. நடுவில் இருப்பவர் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அதுவே ‘க்’! அட்டை பிடித்தோர் நம்மைப் பார்த்து நிற்பதால், மற்றக் குழந்தைகளின் பார்வையில் இடமும் வலமும் சரியாக அமைகின்றனவா என்று கவனித்து நிறுத்துங்கள்.

இரட்டைக்கொம்பின் முறை வரும்போது வீரமாமுனிவரைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யலாம். 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி அவர். பழங்காலத்தில் எகர ஒகரங்களின் குறிலுக்குப் புள்ளியிட்டு நெடிலிலிருந்து வேறுபடுத்தினர். ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் விடுவதும் வழக்கம். ஆதலால் குறிலா நெடிலா எனப் படிப்போர் மயங்கினர். அம்மயக்கம் தீர ஏ, ஓ என்னும் வடிவங்களையும் இரட்டைக்கொம்பையும் அவர் வழங்கினார். பின்னர், 1978இல் தமிழக அரசு, பெரியார் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துக்கள் எளிமையடைந்தன. எழுத்துக்கள் கற்போர்க்காக மாறியிருக்கின்றன. அப்படியிருக்க, கற்பிக்கும் முறையை நாம் மாற்றிக்கொள்ளக் கூடாதா?

5. நம் ஊர்ச் சொற்கள்

ஒட்டகத்தை நேரில் கண்டிராத குழந்தைக்குத் தன் ஊர்ப் பொருளே நல்ல படம். அ - அலை, ஆ - ஆமை, இ - இறால், உ - உப்பு, ஓ - ஓடம், க - கடல், ச - சவுக்கு, ந - நாரை, ப - பனை, வ - வலை என்று நாங்கள் அட்டைகள் செய்தோம். நாரையைக் காட்டக் கழுவெளிப் பக்கம் கைநீட்டினாலே போதும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. கிளிஞ்சல்களை எழுத்து வடிவில் அடுக்கச் சொல்லுங்கள். பனங்கொட்டையை உருட்டி, அது நிற்கும் கட்டத்தின் எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

நான்கு வயதுக் குழந்தையின் விரல்கள் நெடுநேரம் பென்சில் பிடிக்க இன்னும் வலுப்பெறவில்லை. மாவு பிசைதல், மணி கோத்தல், கோலப்புள்ளி வைத்தல் ஆகியவை அவ்விரல்களுக்கு நல்ல பயிற்சி. ஒரு நேரத்தில் கால் மணி போதும். குழந்தை ஆவலோடிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். எழுத்தைத் திருப்பி எழுதினால் அடிக்க வேண்டாம். அது இந்த வயதில் இயல்பே. இடக்கையால் எழுதும் குழந்தையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம்.

எழுத்தறியாப் பெற்றோரும் உதவலாம். “இன்று என்ன எழுத்து? எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேட்டாலே போதும். விடுமுறை முடியும் நாளில் நாங்கள் கண்டது இது: உப்பால் விரல் எரிந்து அழுத அதே சிறுமி, தன் தாயின் கையைப் பிடித்து மணல் தட்டில் எழுத வைத்துக்கொண்டிருந்தாள். வெடித்த அந்த விரல் மெல்ல நகர்ந்து ‘உப்பு’ என்று எழுதி முடித்தது. இரண்டு ‘ப’ எழுத்துக்களில் ஒன்றுக்குப் புள்ளியில்லை. “புள்ளி எங்கம்மா?” என்று மகள் கேட்க, தாய் சிரித்துக்கொண்டே மணலில் விரலை ஊன்றினார்.

எழும்பூரில் ஒரு சிறுவனால் இயன்றது நம்மாலும் இயலும். எனவே அன்புத் தோழியரே, வரும் விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் அண்டை வீட்டுக் குழந்தை ஒன்றுக்கேனும் எழுத்தறிவிப்போம். ஒரு தட்டு மணலும் சிறிது பொறுமையும் போதும்.