திருக்கார்த்திகையும் எருக்குழி விளக்கும்

திருக்கார்த்திகைத் தீபம் சைவ வைணவ பேதமின்றித் தமிழ் வழங்கும் இடமெங்கும் இல்லந்தோறும் ஏற்றப்பெறுவதாகும். திருமால் ஆலயங்களில் இதனை விஷ்ணு தீபம் என்றும், பாஞ்சராத்திர ஆகமவழி நிற்கும் ஸந்நிதிகளில் பாஞ்சராத்திர தீபம் என்றும் வழங்குவர். பெரும்பாலும் இது கிருத்திகைக்கு மறுநாள், ரோஹிணியை ஒட்டி அமையும். கார்த்திகையில் கிருத்திகை திருமங்கையாழ்வாரின் திருநக்ஷத்திரம். ரோஹிணியோ திருப்பாணாழ்வாரின் திருநக்ஷத்திரம். ஆதலின் வைணவர்க்கு இவ்விரு நாள்களும் ஒருசேர உகப்பானவை.

இத்தீபத்திற்கு மூலமாகப் பெரியோர் காட்டுவது காஞ்சித் திருத்தண்கா விளக்கொளிப் பெருமாளின் திருச்சரிதம். நான்முகன் இயற்றிய வேள்வியைக் குலைக்க இருள் வந்து சூழ்ந்தபோது, எம்பெருமான் தானே ஒளியாய் நின்று அவ்விருளைப் போக்கினான் என்பது தலபுராணம். அத்தூப்புலில் அவதரித்த ஸ்ரீ வேதாந்த தேசிகன் இப்பெருமானைக் குறித்தே ‘சரணாகதி தீபிகை’ அருளிச்செய்தார்.

விளக்கென்றவுடன் நினைவுக்கு வரும் மற்றொரு தலம் திருக்கோவலூர். மழையும் இருளும் கூடிய ஓர் இரவில், ஒரு குறுகிய இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருக்குண்டு நின்றபோது, பொய்கையாழ்வார் பூமியையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் கதிரவனையே சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார் என்பது வரலாறு. திருக்கோவலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையின் நீர்தான் கீழே சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்புகிறது. அந்த இரவின் மழை எந்த ஆற்றில் ஓடிற்றோ, அந்த ஆற்றின் நீரில் விளைந்த நெல்லையே பாகூர் வட்டாரத்தார் இன்றும் பொரியாக்கிக் கார்த்திகையன்று பெருமாளுக்கு அமுது செய்விக்கின்றனர்.

இல்லங்களில் இவ்விளக்குகளை வைக்கும் முறையில் ஆராயத்தக்க ஒரு சிறப்பு உண்டு. பெருமாள் ஸந்நிதியிலும் துளசி மாடத்திலும் ஏற்றிய பின், வாயிற்படி, திண்ணை, கிணற்றடி, நெற்குதிர், மாட்டுத்தொழுவம் என்று அகல்கள் ஒவ்வொன்றாக வெளியே செல்லும். முதல்நாள் இவ்வளவு. அடுத்துவரும் நாளில், சில ஊர்களில் மூன்றாம் நாளில், விளக்கு எருக்குழிக்குச் செல்கிறது. அதற்குக் குப்பைக் கார்த்திகை என்றே பெயர். வீட்டிலிருந்து கழித்துப் போட்ட சாணம், வைக்கோல், சாம்பல், இலை ஆகியவை மக்கும் இடத்திலும் ஒரு சுடர் எரியவேண்டும் என்று முன்னோர் வைத்த வழக்கம் இது. எருக்குழி நெல்லுக்கு உணவு. நெல் பெருமாளுக்கு அமுது. அவ்வகையில் எருக்குழியும் திருமடைப்பள்ளியின் ஒரு கோடியேயாகும்.

இவ்வழக்கம் நகரத் தெருக்களில் அருகிப்போனதில் வியப்பில்லை. அங்கே எருக்குழி இல்லை. வயலும் மாடும் உள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலோ இதற்கு வேறோர் இடையூறு நேர்ந்துள்ளது. குழியில் சாணத்தோடு பால் உறையும், எண்ணெய் உறையும், கடையில் பலகாரம் கட்டித் தந்த பையும் கிடக்குமாயின், அதன்மேல் அகலை எவ்வாறு வைப்பது? பொறி பட்டால் எழுவது நச்சுப் புகை. பொறி படாமல் தப்பினும், அந்த எரு வயலுக்குச் செல்லும்போது பைகளும் உடன் செல்லும். புதுவை அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஆகஸ்டு முதல் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் பால் உறையும் எண்ணெய் உறையும் அத்தடைக்குள் அடங்குவன அல்ல. அவற்றை அடுக்களையிலேயே பிரித்து வைப்பது இல்லறத்தார் பொறுப்பாகவே எஞ்சுகிறது. திருக்கார்த்திகையை இயற்கைக்கு ஊறின்றிக் கொண்டாடுவது எங்ஙனம் என்பார்க்கு, மூன்றாம் நாள் எருக்குழியில் அச்சமின்றி அகல் வைக்க இயலுமா என்ற ஒரு வினாவே போதிய உரைகல்லாகும். விழாவிற்கென்று வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் அவ்வினாவைக்கொண்டு நோக்கலாம்.

முதலாவது அகல். இவ்வகையில் வில்லியனூர் பேறுபெற்ற ஊர். சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூரின் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றது. இக்கலையில் சிறந்த வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஊரின் கடைவீதியில் மின்கலத்தில் மினுக்கும் பிளாஸ்டிக் அகலையும், பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகை ஊற்றிய கிண்ணத்தையும் வாங்கிச் செல்வது சற்றே விந்தையானது. குயவர்க்குக் கார்த்திகை ஒரு சோதனைக் காலமும்கூட. விற்பனை மிகும் மாதமோ அடைமழைக் காலம். பச்சை மண் உலராது, சூளையும் எளிதில் பற்றாது. ஆகவே கோடையிலேயே வனைந்து சுட்டு வைத்தால்தான் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது; அவ்வாண்டுத் திருக்கார்த்திகை டிசம்பர் 13 அன்று வந்தது. அகல் வேண்டுவோர் ஆடி ஆவணியிலேயே குயவரிடம் சொல்லி வைப்பது இருவர்க்கும் நலம்.

மண் அகலைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் உலவுகிறது. அது மறுபடியும் மண்ணாகிவிடும் என்பர். சுடாத மண்பொம்மை நீரில் கரையும். சூளையில் சுட்ட அகல் கரையாது. எனவே ஆண்டுதோறும் புதியன வாங்கிப் பழையனவற்றைக் குளத்தில் எறிவது மண் என்ற பெயரால் செய்யும் வீணே. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல்களைச் சீயக்காயோ சாம்பலோ இட்டு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால், பல ஆண்டுகள் உழைக்கும். உடைந்தவற்றைத் துளசித் தொட்டியின் அடியில் நீர் வடிய இடலாம். புதிய அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து உலர்த்தினால் அது எண்ணெயைக் குடிக்காது. பளபளக்கும் எனாமல் வண்ணம் பூசியவற்றைத் தவிர்த்து, காவியும் சுண்ணாம்பும் இட்டவற்றைக் கொள்வதே தக்கது.

அடுத்தது நெய்யும் எண்ணெயும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தனர். ஈன்ற குட்டி இறந்த ஆட்டின் இடத்தை நிரப்ப, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும்; விளக்கும் அணையாது. முதலைத் தின்னாமல் விளைவைமட்டும் கொள்ளும் இந்த ஏற்பாட்டைக் கண்டு இன்றைய பொருளியலார் வியக்கலாம். இல்லத்தில் பசுநெய் இயலாதார்க்கு நல்லெண்ணெய் உண்டு. புறவிளக்குகளுக்கு இலுப்பை, புன்னை, புங்கம் ஆகியவற்றின் எண்ணெய்களும் உண்டு. நூறு அகல்களில் மலிவான எண்ணெயை ஊற்றிப் புகையவிடுவதைக் காட்டிலும், பன்னிரண்டு அகல்களில் நல்லதை ஊற்றுவது சிறப்பு. திரி பருத்தியாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கோலத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு உணவு. கல்மாவுக் கோலம் அங்ஙனம் ஆகாது. பொரியும் அவலும் வெல்லமும் சேர்ந்த உருண்டைகளை வாழையிலையில் சமர்ப்பித்து, தொன்னையில் வழங்கினால் மறுநாள் எருக்குழிக்குச் செல்வதில் குறையொன்றும் இராது. காகிதத் தட்டு என்று விற்பதில் பெரும்பாலும் உட்புறம் பிளாஸ்டிக் மெல்லேடு ஒட்டியிருக்கும் என்பதைமட்டும் அறிந்துகொள்க.

சிறுவர்க்கு வேண்டுவது வெடியும் மத்தாப்பும். இங்கே பெரியோர் மறுத்துரைப்பதோடு நில்லாமல், மாற்றாக ஒன்றைக் கையில் தருதல் வேண்டும். அது பழைய மாவலி. ஆண்பனையின் உலர்ந்த பூக்காம்புகளைக் குழியில் இட்டு மூட்டம்போட்டுக் கரியாக்குவர். அக்கரியை நுண்ணிதாகப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் நீளச் சுருட்டிக் கட்டி, பனைமட்டைப் பிளாச்சுகளின் நடுவே வைத்து இறுக்கி, நீண்ட கயிற்றில் பிணைப்பர். முனையில் தணல் இட்டுச் சுழற்றினால், பொன்னிறப் பொறிகள் குடைபோல் விரிந்து சொரியும். வெடிச்சத்தம் இல்லை; தொழுவத்தில் மாடு மிரள்வதில்லை; மிஞ்சுவது சாம்பல். மாவலி என்ற பெயரே மூவடி மண் தந்த மகாபலியை நினைவூட்டுவதாகச் சொல்வர். திரிவிக்கிரமனை வழிபடும் திருக்கோவலூர் நாட்டுப்புறத்தில் அப்பெயர் வழங்குவது பொருத்தமே. ஆயினும் இதுவும் நெருப்பே. வைக்கோற்போரும் கூரைவீடும் அருகில் இல்லாத திடலில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, காற்று அடங்கிய வேளையில்மட்டுமே சுற்றுதல் வேண்டும். கோயில் வாயிலில் கொளுத்தும் சொக்கப்பனைக்கும் இதுவே விதி. அதற்கென்று பச்சைப் பனையை வீழ்த்தாமல், காய்ந்த மரத்தையும் உதிர்ந்த ஓலையையும் கொள்வது அறமாகும்.

இனி எருக்குழி. கார்த்திகைக்கு ஒரு திங்கள் முன்னரே குழியைக் கிளறி, மக்காதவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொம்யூன் துப்புரவுப் பணியாளரிடம் சேர்ப்பிக்கலாம். வாய்க்காலில் கொட்டுதல் ஆகாது. மதகில் பை அடைத்தால் மழைநீர் வயலில் ஏறிச் சம்பாப் பயிரை அழுகச் செய்யும். அதன்பின் அடுக்களையில் இரண்டு கூடைகள் இருந்தால் போதும்: குழிக்குச் செல்வது ஒன்று, செல்லாதது ஒன்று. மாடில்லாத வீட்டார் துளை இட்ட பழைய மண்பானையில் இலை, பூ, நிர்மால்யம் ஆகியவற்றை மண்ணோடு அடுக்கி மக்கவைத்து, அப்பானையின் அருகிலேயே மூன்றாம் நாள் அகலை வைக்கலாம்.

வைக்கும் முறையும் எளியதே. குழியின் ஓரத்தில் ஈரச் சாணத்தை உருட்டி வைத்து, நடுவில் அழுத்தி, அகலை அதில் அமர்த்துவர். சாணம் அகலைச் சாயவிடாது. பொறி விழுந்தாலும் ஈரத்தில் அவியும். சற்று எண்ணெய் குறைவாகவே ஊற்றுவது வழக்கம். விடியற்காலையில் தொழுவம் கூட்ட வருவோர் அந்த அகலை எடுத்துக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைப்பர். சாண உருண்டை குழியிலேயே தங்கிவிடும்.