நரம்பும் தசையும்

பந்து வருவதைக் கண்டதும் கை நீள்கிறது. மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாக நரம்பில் மின்குறிப்பாக ஓடித் தசையை நாடுகிறது. ஆனால், நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மின்குறிப்பு அதனை நேரே தாண்டாது.

சாத்தம் துறைக்குப் பேருந்தில் வரும் பயணி, படகேறி பாம்பூ பிளாட் சென்று, அங்கு வேறு பேருந்தில் ஏறுகிறார் அல்லவா? செய்தியும் அவ்வாறே செல்கிறது. மின்குறிப்பு வந்ததும் நரம்பு முனையில் உள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது இடைவெளியைக் கடந்து, தசைச் செல்லின் ஏற்பிகளில் பொருந்துகிறது.

ஓய்வு நிலையில் தசைச் செல்லின் உட்புறம் ஏறத்தாழ −90 மில்லிவோல்ட் மின்னழுத்தம் உடையது. ஏற்பிகள் திறந்ததும் சோடியம் அயனிகள் உட்புகுகின்றன. மின்னழுத்தம் ஏறத்தாழ +30 வரை உயர்கிறது. இம்மாற்றம் அலைபோல் செல் முழுவதும் பரவுகிறது. உள்ளே சேமிக்கப்பட்ட கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன, தசை சுருங்குகிறது. பின்னர் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைக்க, தசை மீண்டும் ஓய்வுறுகிறது.

அந்தமானுக்கே உரிய நாகமும் கட்டுவிரியனும் இத்தீவுகளில் வாழ்கின்றன. பொதுவாக, நாகத்தின் நஞ்சு ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. படகு நின்றுவிட்டது, செய்தி அக்கரை சேரவில்லை. முதலில் இமைகள் தளரும்; பின்னர் மூச்சுத் தசைகளும் ஓயும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. வலியில்லை என்று காத்திருப்பதே பேரிடராகும்.

சென்னைக்கு அருகில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளின் நஞ்சைச் சேகரித்து வழங்குகின்றனர். நஞ்சுமுறி மருந்து செய்வதற்கு அது பயன்படுகிறது. இந்திய மருந்து பெருநிலத்தின் நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு உருவாக்கப்படுகிறது. அந்தமானின் தனி வகைகள் அந்நான்கினுள் அடங்கா. மேலும், சிதைந்த நரம்பு முனையை எம்மருந்தும் உடனே சீராக்காது. அது மீண்டும் வளரப் பல நாள்கள் ஆகும்.

ஆயினும், தசை கெடவில்லை; செய்திதான் வரவில்லை. அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைக் காத்தால், கடியுண்டவர் பிழைத்தெழ இயலும். எனவே, கடிவாயை அறுத்தலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தவறு. அவரை நடக்கவிடாது, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்த்தலே உயிர் காக்கும் வழி.

அருஞ்சொற்பொருள்
ஏற்பி – வேதிப்பொருளை ஏற்கும் செல்லின் பகுதி
நொதி – வேதிவினையை விரைவாக்கும் பொருள்
கடிவாய் – கடிபட்ட இடம்

வினாக்கள்
1. படகுப் பயணம் எச்செயலுக்கு உவமையாயிற்று?
2. நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சுகள் செயற்படும் முறையை வேறுபடுத்துக.
3. ‘தசை கெடவில்லை, செய்திதான் வரவில்லை’ – விளக்குக.