சமையற் பெயரும் பயிர்க் குடும்பமும்

கிழங்கு, காய், பழம், கீரை எனச் சமையலில் பாகுபடுத்துவது ருசியையும் பக்குவத்தையும் அனுசரித்ததாகும். தாவர சாஸ்திரமோ பூவின் அமைப்பையும் உறுப்பின் இயல்பையும் கொண்டு பாகுபடுத்துகிறது. விதை எடுப்பதிலும் பயிர் மாற்றுவதிலும் குடியானவருக்குப் பயன்படுவது பின்னதேயாம்.

உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண்கள் மொட்டுக்களே. ஆதலின் விதைக்கிழங்கை வெட்டி நடுவோர், 40 முதல் 50 கிராம் எடையுள்ள ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்கும்படி வெட்டுதல் வேண்டும். வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமடைந்து நச்சுத்தன்மை கொள்ளும். செடிக்கு மண் அணைப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. சேனையும் சேம்பும் தண்டுகளே. மரவள்ளியோ வேர். அதற்கு மொட்டு இல்லாமையால் கிழங்கைத் துண்டித்துப் புதைத்தால் அழுகுமேயன்றி முளைக்காது. 8 முதல் 10 கணுக்களுள்ள தண்டுக் கரணைகளையே நடவேண்டும்.

பயிர் மாற்றத்தில் நேரும் நஷ்டம் இதனினும் பெரிது. உருளை கிழங்கு, கத்தரி காய், மிளகாய் காரம், மணத்தக்காளி கீரை. புகையிலை சமையலறைக்கே வராதது. ஆயினும் இவை யாவும் ஒரே குடும்பத்தவை. கத்தரி வாடிப்போன நிலத்தில் தக்காளி நடுபவர் பயிரை மாற்றியதாக எண்ணுகிறார். மண்ணிலுள்ள வாடல் நோய்க் கிருமிக்கோ அது பழைய உணவே.

தக்காளியைப் பற்றி ஒரு வழக்கே நடந்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1883-ஆம் வருஷத்திய சுங்கச் சட்டப்படி காய்கறிகளுக்குத் தீர்வை உண்டு. பழங்களுக்குப் பொதுவாக இல்லை. தக்காளி பழமே என வியாபாரிகள் வாதித்தனர். சாஸ்திரப்படி பழமாயினும் ஜனங்களின் வழக்கில் அது காய்கறியே என்று 1893-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்வை விதிப்பதற்கு அத்தீர்ப்பு பொருத்தமானதே. வயலில் அது செல்லாது.

வாடல் கண்ட நிலத்தில் சில போகங்களுக்கு நெல், சோளம், கேழ்வரகு போன்ற புல்லினப் பயிர்களைச் செய்வது நோயைக் குறைக்கும். வரப்பில் தானாக முளைத்த மணத்தக்காளியையும் களைதல் அவசியம். முந்திய பசலிகளில் அந்நிலத்தில் இருந்த பயிர் நினைவில் இல்லையாயின் கிராம அதிகாரியிடமுள்ள அடங்கலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாடிய செடி கிடைத்தால், தண்டின் அடிப்பாகத்தைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுச் சில நிமிஷம் கவனிக்க வேண்டும். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது இக்கிருமியின் நோயே.